வேகம் பழகிய பிறகு: சொகுசு ஸ்போர்ட்ஸ் செடான் குறித்து வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சென்ற ஆண்டுக்கு முந்தைய மார்கழியில் பிஎம்டபிள்யூ எம்340ஐ வாங்கினேன். முதல் மூன்று மாதங்கள் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் மெய்சிலிர்த்தது. இந்தச் சித்திரையில் அதே காரை ஓட்டும்போது அந்த உந்துதல் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. சர்வீஸ் உரிய காலத்தில் செய்திருக்கிறேன். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. காரின் வேகம் உண்மையிலேயே குறைந்திருக்குமா, அல்லது எனக்குப் பழகிவிட்டதா? யாராவது கேட்டால் ‘திருப்திதான்’ என்று சொல்ல நா எழவில்லை.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே நடந்திருக்கலாம்; ஆனால் பெரும்பங்கு பழக்கத்தினுடையது என்றே நான் கருதுகிறேன். உங்கள் கார் நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏறத்தாழ நாலரை வினாடியில் எட்டுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், அந்த நாலரை வினாடியும் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தின் அறுபது சதவீதத்துக்கு மேற்பட்ட அளவில் இருக்கை உங்கள் முதுகைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. முதன்முறை இதை உணரும் உடல் திடுக்கிடுகிறது. நூறாவது முறை அதை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கழுத்தை இறுக்கிக்கொள்கிறது. திடுக்கிடல் மறைந்த இடத்தில் வேகமே மறைந்துவிட்டது போன்ற எண்ணம் தோன்றுவது இயல்பு.

கார் உரிமையாளர்களின் மனநிறைவை அளக்கும் ஆய்வுகளிலும் இந்த வேறுபாட்டுக்கு இடமுண்டு. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், புதிய கார் வாங்கி 90 நாட்கள் ஆனவர்களிடம் அந்தக் கார் தங்களை எவ்வளவு ஈர்த்திருக்கிறது என்று கேட்டு 1,000 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகிறது; மூன்று ஆண்டுகள் ஓடிய கார்களின் நம்பகத்தன்மையைத் தனியாக வேறோர் ஆய்வில் அளக்கிறது. முதல் ஆய்வு கேட்பது நீங்கள் மெய்சிலிர்த்த நாட்களின் மனத்தை. அந்த நாட்களின் உணர்வை அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றைய காரை அளந்தால் எந்தக் காரும் தோற்றுத்தான் போகும்.

அடுத்து, உண்மையில் குறைந்திருக்கக்கூடிய பகுதியைப் பார்ப்போம். நீங்கள் காரை வாங்கியது மார்கழியில், கடிதம் எழுதியிருப்பது சித்திரையில். 15 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை விட 40 டிகிரியில் இருக்கும் காற்று ஏறத்தாழ எட்டு சதவீதம் அடர்த்தி குறைந்தது. கோவையின் மார்கழிக் காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய அந்த அளவை நெருங்குகிறது. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் செலுத்தும் டர்போ கூடுதலாக உழைத்து இதை ஈடுசெய்ய முயல்கிறது. அப்படி அழுத்தும்போது காற்று மேலும் சூடாகிறது. உங்கள் காரில் உள்ள பி58 இன்ஜினில், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் நீரால் குளிர்விக்கப்படுவதும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே அமைந்திருப்பதும் நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் அவிநாசி சாலை நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு உடனே முழு பிக்கப் கேட்டால், விடியற்காலையில் கிடைத்தது அப்படியே கிடைக்காது.

பெட்ரோலையும் கவனியுங்கள். பெட்ரோல் மூடிக்கு உட்புறம் எந்த ஆக்டேன் எண் (பெட்ரோல் அழுத்தத்தில் தானாகவே தீப்பிடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) அச்சிடப்பட்டிருக்கிறதோ, அதற்குக் குறையாமல் தொடர்ந்து நிரப்புகிறீர்களா? குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் அது தானாகவே தீப்பிடித்து இன்ஜின் தட்டத் தொடங்கும்போது நாக் சென்சார் அதை உணர்ந்து, தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்திவிடுகிறது. இன்ஜின் காப்பாற்றப்படுகிறது, ஆனால் பவர் சற்றுக் குறைகிறது. இதற்கு எந்த விளக்கும் எரியாது. எத்தனால் கலப்பைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் 20 சதவீதக் கலப்பில் மைலேஜ் சில சதவீதம் இறங்குவது இயற்கை. ஆனால் எத்தனால் தட்டலை எதிர்க்கும் குணம் உள்ளது. ஆகவே பிக்கப் குறைவுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

சந்தேகம் தீர வேண்டுமானால் மனத்தை நம்பாமல் அளந்து பாருங்கள். சாலையில் வேண்டாம், எங்கே என்பதைக் கடைசிப் பதிலில் சொல்கிறேன். அதுவரை வேறொன்றைக் கவனித்துவருமாறு வேண்டுகிறேன். 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது முறுக்குவிசை, உங்கள் இன்ஜினில் நிமிடத்துக்கு 1,900 சுழற்சியிலேயே முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. அது 5,000 சுழற்சி வரை குறையாமல் நிற்கிறது. பொள்ளாச்சி சாலையில் ஒரு லாரியை முந்த நேரும்போது, ஆக்சிலரேட்டரைப் பாதிகூட மிதிக்காமல், எட்டு கியர் தானியங்கி கியர்பாக்ஸ் ஒரே ஒரு படி இறங்க, கார் ஓசைப்படாமல் முன்னால் போய் மீண்டும் தன் தடத்துக்கு வந்துவிடுகிறதல்லவா? இந்தக் காரின் செயல்திறனில் நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் பகுதி அதுதான். இரு திசைப் போக்குவரத்தும் தனித்தனியே பிரிக்கப்பட்ட தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கான வேக உச்சவரம்பு 100, விரைவுச் சாலையில் 120 என்று 2018-இல் மத்திய அரசு நிர்ணயித்த நாட்டில், 250-இல் மின்னணு முறையில் கட்டுப்படுத்தப்பட்ட உச்ச வேகத்தை வைத்து ஒருவர் மனநிறைவு கொள்ள இயலாது. நீண்ட காலம் வைத்திருப்பவர்களிடம் பேசும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த முந்தும் எளிமையைப் பற்றித்தான். அதை நீங்கள் இழக்கவில்லை என்றால் ‘திருப்திதான்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

கேள்வி: மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43 காரில் 408 குதிரைத்திறன், எம்340ஐ காரில் 374. இரண்டிலும் டார்க் 500. அப்படியிருக்க, விலையும் பவரும் குறைந்த காரை ஓட்டும் என் மைத்துனர் தம் இன்ஜினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். இது வெறும் பிராண்டுப் பற்றா?
- வாசகர், சென்னை அண்ணா நகர்

பதில்: பற்று மட்டுமல்ல, அதற்குப் பொறியியல் காரணம் உண்டு. எம்340ஐ காரில் இருப்பது 2,998 சிசி கொள்ளளவுள்ள, ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் இன்ஜின். அந்த அமைப்பில் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வரும்போது எழும் முதல்நிலை, இரண்டாம்நிலை விசைகள் (ஒரு சுழற்சிக்கு ஒருமுறையும் இருமுறையும் எழும் அதிர்வுகள்) ஒன்றையொன்று முழுமையாகச் சமன்செய்துகொள்கின்றன. நான்கு சிலிண்டரில் இரண்டாம்நிலை விசை எஞ்சி நிற்கும். அதை அடக்க எதிர்ச்சுழற்சித் தண்டுகள் தேவைப்படும். ஆறு சிலிண்டர் இன்ஜின் உச்சச் சுழற்சியைக் குறிக்கும் சிவப்புக் கோட்டை நெருங்கும்போதும் ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரியாமல், ஒரே சுதியில் மேலேறுவதற்கு இதுவே காரணம். உங்கள் மைத்துனர் பேசுவது இதைப் பற்றித்தான்.

சி43 இன்ஜினையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினிலிருந்து 408 குதிரைத்திறன் எடுப்பது அருஞ்செயல். அதன் டர்போவில் டர்பைனுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே ஒரு சிறிய மின்மோட்டாரைப் பொருத்தி, புகை வந்து சுழற்றும் வரை காத்திராமல் டர்போவைச் சுழல வைத்திருக்கிறார்கள். ஃபார்முலா 1 பந்தயத்திலிருந்து வந்த நுட்பம் அது. இன்ஜினின் மென்மையை விரும்புகிறவர் அதில் குறை காண்பார். கூர்மையான எதிர்வினையை விரும்புகிறவர் அதில்தான் நிறைவு காண்பார். ஷோரூம் ஊழியர் அருகில் இருக்கப் பத்து நிமிடம் ஓட்டும் டெஸ்ட் டிரைவில் இந்த வேறுபாடு தெரியாது. அரை நாள் கேளுங்கள். குடும்பத்தினரையும் பின் இருக்கையில் அமர்த்திக்கொண்டு மாமல்லபுரம் வரை ஓட்டுங்கள். திரும்பும்போது மாலை நெரிசலிலும் ஓட்டிப் பாருங்கள்.

எம்340ஐ நம் செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் ஒருங்கிணைக்கப்படுகிறது. 2021 மார்ச்சில் அது 62.90 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் அறிமுகமானது. முழுதாக இறக்குமதியாகியிருந்தால் அந்த விலைக்கு ஆறு சிலிண்டர் இன்ஜின் நமக்குக் கிடைத்திருக்காது. உரிமையாளர்களின் நிறைவில் இந்த விலை வேறுபாட்டுக்கும் பங்குண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: என்னுடைய ஸ்போர்ட்ஸ் செடானில் ரன்-ஃப்ளாட் டயர்கள் உள்ளன. ஒவ்வொரு சிறு பள்ளமும் முதுகெலும்பில் இடிக்கிறது. சாதாரண டயருக்கு மாறலாமா?
- வாசகர், மதுரை

பதில்: மாறலாம், மாறிய பலர் புதிய கார் வாங்கியதைப் போல மகிழ்கிறார்கள். ரன்-ஃப்ளாட் டயரின் பக்கச்சுவர் காற்று முழுவதும் இறங்கிய பிறகும் காரைத் தாங்க வேண்டியிருப்பதால் தடித்தும் இறுகியும் இருக்கிறது. அந்த இறுக்கம்தான் பள்ளத்தின் அடியை நேராக உங்கள் முதுகுக்குக் கொண்டுவருகிறது. ஆனால் பஞ்சரான பிறகும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாமல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம் போகலாம் என்ற வசதியைத் துறக்கிறீர்கள் என்பதை மறவாதீர்கள். இரவில் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் ஸ்டெப்னியோ, பஞ்சர் அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் பம்பும் கொண்ட கிட்டோ வைத்துக்கொள்ளாமல் மாறவே கூடாது.

நான்கு சக்கர உந்துதல் உள்ள காராக இருந்தால் நான்கு டயர்களையும் ஒரே சமயத்தில், ஒரே தயாரிப்பில் மாற்றுங்கள். முன்னும் பின்னும் தேய்மானம் வேறுபட்டால் சக்கரங்களின் சுற்றளவு வேறுபடும். பவரை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வேறுபாட்டை ஓயாமல் சுமந்து தேயும். இரண்டு டயர் விலையை மிச்சப்படுத்தப் போய் அதைவிடப் பன்மடங்கு செலவழித்த ஒருவரை நான் அறிவேன்.

கேள்வி: இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவின் மென்பொருளை மாற்றி எழுதி ஐம்பது குதிரைத்திறன் கூட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
- வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். வாரண்டி போகும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்து நேர்ந்தால் உங்கள் தலையில் விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இருக்கும் பவரையே எங்கே பயன்படுத்துவது என்று எல்லோரும் கேட்கும்போது மேலும் ஐம்பது எதற்கு?

கேள்வி: வாங்கிய வேகத்தைச் சட்டத்துக்கு உட்பட்டு முழுமையாக அனுபவிக்கத் தமிழ்நாட்டில் இடம் உண்டா?
- வாசகர், திருச்சி

பதில்: இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத்தடம். மற்றொன்று, கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் அமைந்த 2.1 கிலோமீட்டர் தடம். உரிமையாளர்களுக்கான டிராக் நாட்கள் அவ்வப்போது நடக்கின்றன. முன்பதிவு செய்து போகலாம். முதல் கேள்வியை அனுப்பிய கோவை வாசகரும் அங்கேயே தம் காரை அளந்து பார்க்கலாம்.

போகுமுன் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டனவா என்று பாருங்கள். நீர் கோத்த பிரேக் ஆயில் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் அடிவரை இறங்கும், கார் நிற்காது. இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பாதுகாப்பு கிடையாது, தடத்தில் நேரும் சேதத்தை நீங்களே ஏற்க வேண்டும். நான்கைந்து சுற்றுகளுக்கு மேல் தொடர்ந்து விரட்டாமல், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டர்போவும் பிரேக்கும் ஆறிய பிறகு நிறுத்துங்கள். நிறுத்திய பின் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான டிஸ்கில் பேட் ஒட்டிக்கொள்ளும்.