நெஸ்ட்டின் பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

ஐந்தாறு வருடமாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுவே முதல் முறை. இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகள், கூட வேலை செய்யும் ஓர் ஐரிஷ் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். குடும்பப் பெயர் ஃபிட்ஸ்ஜெரால்ட். அப்பா பள்ளி ஆசிரியர், தாத்தா விவசாயி, அண்ணன் ஆஸ்திரேலியாவில். எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் என் கொழுந்தனார், ‘ஃபிட்ஸ் என்று ஆரம்பிக்கும் பெயர் முறை தவறிப் பிறந்தவர்களுக்கு வைப்பது’ என்று குடும்ப வாட்ஸப் குழுவில் எதையோ அனுப்பிவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இது உண்மையா? இன்னொருவர் அது ராஜவம்சம், அரண்மனைகூட உண்டு என்கிறார். மகள் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டால் எண்கணிதப்படி சரிவருமா?

(கீழே ‘திருமதி’ போட்டுக் கணவர் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

எண்கணிதத்தை முதலில் முடித்துவிடுவோம். எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. அரண்மனை பாதி உண்மை. கில்டேர் பிரபுவாக இருந்த ஒரு ஃபிட்ஸ்ஜெரால்ட் 1745-இல் டப்ளினில் பெரிய மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். லெயின்ஸ்டர் ஹவுஸ் என்று பெயர். 1922 முதல் அதில் அயர்லாந்தின் நாடாளுமன்றம் நடக்கிறது. ஆகவே சம்பந்தி வீடு என்று நினைத்து தாம்பூலத் தட்டோடு அங்கே போய் நின்றுவிடாதீர்கள்.

இனி உங்கள் கொழுந்தனார். அவர் அனுப்பியது தப்பு. ஆனால் அந்தத் தப்புக்கு ஒரு கதை இருக்கிறது, தவிர கொஞ்ச நாளாக நான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தூக்கம் கெட்டதற்காக இல்லை. யாரோ தட்டிவிட்ட ஒரு வரிக்காக இரண்டு ராத்திரி விழித்திருப்பது நீங்களாகத் தேடிக்கொண்டது.

‘ஃபிட்ஸ்’ என்றால் மகன். லத்தீனில் ஃபீலியுஸ், அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ஃபிட்ஸ் ஆயிற்று. 1066-இல் நார்மண்டியிலிருந்து வில்லியம் வந்து இங்கிலாந்தைப் பிடித்தபோது அவன் ஆட்களின் வாயோடு கடல் தாண்டிய சொல். ஐரிஷ்காரர்களின் ‘மாக்’, வேல்ஸ்காரர்களின் ‘ஆப்’ எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. (ஆப் ரீஸ் என்பதுதான் பிற்பாடு பிரைஸ் ஆனது, ஆப் ஹவெல் என்பது பவல்.) ஜெரால்ட் என்பது ஜெர்மானியப் பெயர், ஈட்டி, ஆட்சி என்ற இரண்டு சொற்கள் அதற்குள் இருக்கின்றன. வேலாயுதம் மகன் என்று வைத்துக்கொள்ளுங்களேன், உங்கள் மாமியாருக்குச் சொல்லவும் சுலபம்.

முதலில் அது குடும்பப் பெயராகவே இல்லை. நம்முடைய இன்ஷியல் மாதிரி தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. ஜெரால்டின் மகன் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட். அந்த மாரிஸின் மகன் ஜெரால்ட் ஃபிட்ஸ்மாரிஸ். பின்னால்தான் ஓரிடத்தில் உறைந்து, பேரன் கொள்ளுப்பேரன் எல்லாரும் அந்த ஒரு ஜெரால்டுக்கே மகன்களாகிவிட்டார்கள்.

முறை தவறிய பேச்சே அப்போது இல்லை. வில்லியமின் நெருங்கிய தோழன் வில்லியம் ஃபிட்ஸ் ஆஸ்பெர்ன், ஆஸ்பெர்னுக்கு முறையாகப் பிறந்த பிள்ளை. கதையைக் கெடுத்தது ராஜாக்கள். எட்டாம் ஹென்றிக்கு 1519-இல் திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் பிறந்தான், அவனுக்கு ஃபிட்ஸ்ராய், அதாவது ராஜாவின் மகன் என்று பெயர். இரண்டாம் சார்லஸின் வெளிப் பிள்ளைகள் சிலருக்கும் அதே பெயர். நான்காம் வில்லியம் பட்டத்துக்கு வருமுன் கிளாரன்ஸ் பிரபுவாக இருந்தபோது டொரதியா ஜோர்டன் என்ற நடிகையிடம் பெற்ற பத்துப் பேருக்கு ஃபிட்ஸ்கிளாரன்ஸ். அரண்மனைக்காரர்கள் பழைய பெட்டியிலிருந்து ஒரு சொல்லைத் தூசி தட்டி எடுத்து இப்படிப் பயன்படுத்த, அதற்கு நானூறு வருடம் முன்னால் வாழ்ந்த ஜெரால்டின் பிள்ளைகள்மீது பழி விழுந்துவிட்டது. சரி, ஒரு பேச்சுக்கு அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு படுக்கையறையைப் பற்றி உங்கள் கொழுந்தனாருக்கு என்ன கவலை?

அந்த ஜெரால்டையே கொஞ்சம் பாருங்கள். வேல்ஸில் பெம்ப்ரோக் கோட்டையின் காவலன். மனைவி பெயர் நெஸ்ட். தெற்கு வேல்ஸை ஆண்ட ரீஸ் ஆப் டியூடரின் மகள். அப்பா 1093-இல் கொல்லப்பட, நாடு நார்மன்களிடம் போயிற்று, அவளும் போனாள். 1109-இல் ஒவைன் என்ற வேல்ஸ் இளவரசன் ராத்திரியில் அவர்கள் தங்கியிருந்த கோட்டைக்குத் தீ வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அப்போது ஜெரால்ட் வாசல் பக்கம் ஓடப் பார்க்க, ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று தடுத்து அவனைக் கழிப்பறைத் துளை வழியாக இறக்கித் தப்பிக்க வைத்தவள் நெஸ்ட்தான் என்று வேல்ஸ் நாட்டு வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. இத்தனை பெருமைக்குரிய பெயரின் மூலபுருஷர் மலக்குழி வழியாக இறங்கிப் பிழைத்தவர்! இதைக் கொழுந்தனாருக்கு அனுப்புங்கள்.

நெஸ்ட்டுக்கு ஜெரால்டிடம் பிள்ளைகள் உண்டு. முதலாம் ஹென்றி மன்னனிடம் ஒரு மகன், ஹென்றி ஃபிட்ஸ்ஹென்றி. கார்டிகன் கோட்டைக் காவலன் ஸ்டீஃபனிடம் ஒரு மகன், ராபர்ட் ஃபிட்ஸ்ஸ்டீஃபன். 1169-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் நார்மன்கள் இறங்கியபோது முதலில் போனவன் இந்த ராபர்ட், கொஞ்ச நாளில் பின்னாலேயே மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஒருதாய் மக்கள். பெயரைப் பார்த்தால் ஒட்டும் தெரியாது, உறவும் தெரியாது. அயர்லாந்தின் சரித்திரத்தையே மாற்றிய அந்தக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டியது ஒரு பெண்ணின் வயிறு. ஃபிட்ஸ்நெஸ்ட் என்று ஒருவனும் இல்லை.

அம்மா பெயரில் ஃபிட்ஸ் வைக்கும் வழக்கமே கிடையாதா என்றால், உண்டு. இரண்டாம் ஹென்றியை ஹென்றி ஃபிட்ஸ்எம்ப்ரஸ் என்றார்கள், பேரரசியின் மகன். அவன் அப்பா ஆஞ்சு நாட்டின் பிரபு மட்டுமே, அம்மா மட்டில்டாவோ அதற்கு முன் ஜெர்மானியப் பேரரசரை மணந்து பேரரசி என்ற பட்டத்தைச் சாகும்வரை விடாதவள். ஆக, யார் பெரிய ஆளோ அவர் பெயர். ரத்தமாவது வம்சமாவது, எந்தப் பெயரைச் சொன்னால் கதவு திறக்குமோ அந்தப் பெயர்தான் ஃபிட்ஸுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. ஃபிட்ஸ்பாட்ரிக் என்று ஒரு குடும்பம் இருக்கிறதே, அவர்கள் நார்மன்களே இல்லை. மாக் கில்ல பாட்ரிக், புனித பாட்ரிக்கின் அடியார் மகன், அசல் ஐரிஷ்காரர்கள். 1541-இல் எட்டாம் ஹென்றியிடம் பணிந்து பிரபுப் பட்டம் வாங்கிக்கொண்ட குடும்பம், மாக் போய் ஃபிட்ஸ் வந்தது.

எங்கள் சித்தப்பா ஓய்வுபெற்ற பிறகு ஒரு வருடம் அலைந்து வம்சாவளி ஒன்று தயாரித்தார். சார்ட் பேப்பரில் ஏழு தலைமுறை, அம்புக்குறி போட்டு, சட்டமிட்டு, கூடத்தில் மாட்டியிருந்தார். எல்லாம் ஆண்கள். இவர்களெல்லாம் தானாகவே முளைத்தார்களா என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். மறுநாள் பென்சிலால் எழுதிச் சேர்த்திருந்தார், மூன்று தலைமுறைக்கு முந்தியவர்களுக்கெல்லாம் ‘களக்காட்டுக்காரி’, ‘ஏர்வாடிக்காரி’ என்று. பிறந்த ஊர்தான் மிஞ்சியிருக்கிறது. பெரியத்தையிடம் போய்க் கேட்டேன். அவளுக்குத் தொண்ணூறு வயது அப்போது. வெகுநேரம் யோசித்தாள். “களக்காட்டு ஆச்சி என் தலையில் எண்ணெய் வைத்துவிடுவாள், கை சொரசொரவென்று இருக்கும். பெயர் என்னவோ, யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லையே” என்றாள். பிறகு அவளே ரொம்ப நேரம் அழுதாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நெஸ்ட் பெயராவது தப்பியது. அவள் மகள் அங்காரட் வயிற்றுப் பேரன் ஒருவன், வேல்ஸின் ஜெரால்ட் என்ற பாதிரியார், தன் தாய்மாமன்களின் அயர்லாந்துப் படையெடுப்பைப் புத்தகமாகவே எழுதிவைத்தான். மகள் வழி ரத்தத்துக்குத்தான் அந்தப் பாசம் இருந்திருக்கிறது.

எதையோ கேட்டீர்கள், நான் எங்கோ போய்விட்டேன். கல்யாணத்தை நடத்துங்கள். பெயரை மாற்றுவதா வேண்டாமா என்பதை உங்கள் மகள் பார்த்துக்கொள்வாள், நீங்களும் நானும் அதில் தலையிட வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் பையனின் அப்பா இருக்கிறார், தாத்தா இருக்கிறார், ஆஸ்திரேலியாவில் இருக்கும் அண்ணன்கூட இருக்கிறான். அவனைப் பெற்றவள் எங்கே? விசாரித்து எழுதுங்கள். கடிதத்தின் அடியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள், இந்த முறை கணவர் பெயர் வேண்டாம்.