பின்பக்கம் தாழ்கிறதா? பையைக் கழற்ற அவசரம் வேண்டாம்

இரவில் நிறுத்திய பஸ் காலையில் பின்வலது பக்கம் சாய்ந்து நிற்கிறது, காற்றுப்பையை (சக்கரத்துக்கு மேலே வண்டியின் எடையைத் தாங்கும், காற்றடைத்த சஸ்பென்ஷன் ரப்பர் பை) நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் குற்றவாளி பைதான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

முதலில் சேசிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்), தயாரிப்பாளர் குறித்த இடங்களில், எடை தாங்கும் ஸ்டாண்டுகளை வையுங்கள். ஜாக்கியையும் காற்றையும் நம்பி அடியில் போகவே கூடாது. பை சட்டென்று காலியானால் நசுங்குவது நீங்கள்தான். பிறகு காற்றை நிரப்பி, குழாய் இணைப்புகளிலும் பையின் மடிப்பிலும் சோப்பு நீர் தடவுங்கள். பைக்குக் காற்றை விட்டும் வெளியேற்றியும் வண்டியின் உயரத்தைக் காக்கும் உயரக் கட்டுப்பாட்டு வால்வின் வெளியேற்றுத் துளையில் குமிழ் ஓயாமல் வந்தால், முதல் சந்தேகம் அந்த வால்வின் மீது. ரப்பரில் நூலிழை தெரியுமளவு வெடிப்பிருந்தால் பையை மாற்றியே ஆகவேண்டும்.

கழற்றுமுன் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். மாற்றியபின் கையேட்டின்படி வண்டி நிற்கும் உயரத்தை அளந்து சரிசெய்யுங்கள், கண்மதிப்பு போதாது.