ஓட்டு வாங்காதவர்களுக்கு என்ன அதிகாரம்?

கேள்வி: கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இயற்றும் சட்டத்தை, ஒரு ஓட்டுக்கூட வாங்காத நாலைந்து நீதிபதிகள் செல்லாது என்று சொல்வது ஜனநாயகமா?

பதில்: ஆம், ஜனநாயகம்தான். ஓட்டு வாங்கியவர்கள் என்கிறீர்களே, அந்த ஓட்டு ஒழுங்காக வாங்கப்பட்டதா என்று யார் பார்ப்பது?

1971-ல் ராய்பரேலியில் இந்திரா காந்தி ஜெயித்தார். தோற்ற ராஜ் நாராயண் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிரதமரின் தேர்தல் கூட்டங்களுக்கு மாநில அரசு அதிகாரிகளே மேடை போட்டுத் தந்ததும், ஒலிபெருக்கிக்கு மின்சாரம் ஏற்பாடு செய்ததும் அங்கே நிரூபணமாயின. 1975 ஜூன் 12-ல் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்தத் தேர்தல் செல்லாது என்றார். இரண்டே வாரத்தில் நெருக்கடி நிலை வந்தது.

மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் ஆகஸ்ட் 11-ல் விசாரணைக்கு வர இருந்தது. 7-ஆம் தேதி மக்களவை, 8-ல் மாநிலங்களவை, 10-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று 39-வது அரசியல் சட்டத் திருத்தம் ஓடி வந்து முடிந்தது. பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது, ஏற்கெனவே வந்த தீர்ப்பும் செல்லாது என்றது அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில். நீங்கள் சொல்லும் பெரும்பான்மை, அந்தச் சபையில் தாராளமாக இருந்தது.

நவம்பர் 7-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவை அடித்துப் போட்டது. வழக்கில் ஜெயித்தது என்னவோ இந்திராதான். தேர்தல் சட்டத்தையே முன்தேதியிட்டு மாற்றிவிட்டிருந்தார்கள். ஆனால், பதவியில் இருப்பவர் தன் வழக்குக்குத் தானே தீர்ப்பெழுதிக்கொள்ளும் வழி அன்று அடைபட்டது.

நீதிபதிகள் தவறே செய்யமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 1976 ஏப்ரலில், விசாரணையின்றி அடைக்கப்பட்டவர் நீதிமன்றப் படி ஏறவே முடியாது என்று தீர்ப்பளித்தவர்களும் இதே உச்ச நீதிமன்றத்தார்தான். ஐவரில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார். அந்தத் தீர்ப்பை இன்று படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

தீர்ப்பு தவறென்றால் என்ன செய்வது? நம் மாநிலமே செய்து காட்டியது. கல்லூரி இடங்களைப் பதினான்காகப் பிரித்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்டோருக்கு இரண்டு, பிராமணருக்கு இரண்டு, ஆதிதிராவிடருக்கு இரண்டு, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்குமாக ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று என்று வழங்கியது சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த ஆணை செல்லாது என்று ஏற்கெனவே வந்திருந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துத் தமிழ்நாடு தெருவில் இறங்கியிருந்தது. பெரியார் முன்னால் நின்றார். ஜூனில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்னும் 15(4) பிரிவு பிறந்தது. நாடாளுமன்றம் அங்கே பகிரங்கமாக விவாதித்து, சட்டத்தை மாற்றியது. நீதிபதிகளும் அதன்படி நடந்தார்கள்.

அதே திருத்தத்தில்தான் ஒன்பதாவது அட்டவணையும் வந்தது. அதில் சேர்த்த சட்டத்தை நீதிமன்றம் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. நமது 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994 முதல் அங்கேதான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் சிதைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 1973 ஏப்ரல் 24; அதற்குப் பிறகு அட்டவணையில் சேர்த்தவற்றையும் அந்த அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்று ஒன்பது நீதிபதிகள் 2007-ல் சொல்லிவிட்டார்கள். 69 சதவீதத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அதற்காகவே சொல்கிறேன்: அரசு எந்த அட்டவணைக்குப் பின்னாலும் ஒளியாமல், சாதிவாரிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நின்று வாதாடி அதைக் காப்பாற்றட்டும்.