வாத்தியாரைப் போல் ஒரு பாணன்

அன்புள்ள அக்கா,

நம் ரீயூனியன் தீவின் சென்-பியேரில் படிக்கிறேன். சனிக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். புது ஆட்டத்துக்கு, பாட்டால் மந்திரம் போடும் பாணன் பாத்திரத்தை எடுக்கப்போகிறேன் என்றதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு விடுதிக்காரப் பெண்ணிடம் வழிகிறவன்தான் அவர்களுக்குப் பாணன். எனக்கு அப்படி ஒருவன் வேண்டாம். ஆளுமைக் கவர்ச்சிக்கான எண்ணான கரிஸ்மாவை 8-இல் வைத்து, வாயே பேசாத ஒரு பாணனைச் செய்தால் சரிவருமா?

அன்புள்ள தம்பி,

லூட்டும் வழிசலும் வேண்டாம் என்ற முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கரிஸ்மாவில் கை வைக்காதீர்கள். பாணனின் பிழைப்பே அந்த எண்ணில்தான் ஓடுகிறது. கரிஸ்மா 16 என்றால் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 3 முறை ஊக்கப் பகடை தரலாம், அதாவது கூட்டாளி தன் எண்ணோடு கூட்டிக்கொள்ளும் கூடுதல் பகடை. 8 என்றால் ஒரே முறை. முதல் லெவலில் உங்கள் மந்திரத்தைத் தடுக்க எதிரி எட்ட வேண்டிய எண்ணும் 13-இலிருந்து 9-க்கு இறங்கிவிடும். பேசாத பாணன் அதைவிடச் சிக்கல். பாணனின் மந்திரங்களில் பெரும்பாலானவை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை. கையில் இருக்கும் வாத்தியம் மந்திரத்துக்கு வேண்டிய பொருளுக்கு ஈடாகும், சொல்லுக்கு ஈடாகாது. ஆட்டத்தை நடத்துகிற டி.எம். நல்லவரானால் விட்டுக்கொடுப்பார்தான். ஆனாலும் ஒவ்வொரு சண்டையிலும் சலுகை கேட்டுக்கொண்டிருப்பது உங்களுக்கே அலுத்துவிடும்.

ஊக்கப் பகடை பற்றிய விதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாணன் அதைத் தனக்கே தந்துகொள்ள முடியாது. 60 அடிக்குள், அவன் ஒலி காதில் விழுகிற இன்னொருவருக்குத்தான் தர முடியும். அப்படியானால் மேடை நடுவே நிற்க வேண்டிய ஆளே இல்லை அவன். நம் தீவிலேயே அப்படி ஒருவர் இருக்கிறாரே, பால் தமூல் வாத்தியார்!

தெருக்கூத்து, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களோடு கப்பலேறி இங்கே பால் தமூல் ஆனது. ராத்திரி முழுக்க நடக்கும். கிரீடமும் புஜக்கட்டையுமாக ஜொலிப்பவர்கள் ஆடுகிறவர்கள். வாத்தியார் தாளத்தோடு ஓரமாக நிற்பார். பாட்டை நடத்துகிறவர் அவர்தான். ஆடுகிறவர் வரி மறந்து திணறினால், இவர் அடுத்த வரியைச் சற்று முன்னாலேயே எடுத்துக் கொடுப்பார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு சுழலத் தொடங்கிவிடுவார். கூட்டத்தின் கண்ணில் படுவதெல்லாம் அர்ஜுனன் மட்டும்தான். கரிஸ்மா என்பது முகவெட்டு இல்லை தம்பி, ஓரத்தில் நின்றே ஒரு ராத்திரியைத் தாங்குகிற இந்தத் திராணிதான்.

அதை ஆட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் ஆளின் முந்தைய வாழ்க்கையைச் சொல்லும் பின்னணிக்கு மேடைக் கலைஞரை விட்டுவிட்டுக் கோவில் ஊழியரை எடுங்கள். அதில் எதிராளியின் மனதை அறியும் திறனும் சமய அறிவும் கிடைக்கும். 3-ஆம் லெவலில் பாணன் ஒரு கல்லூரியை, அதாவது தனிப் பாதையைத் தேர்ந்துகொள்வான். நீங்கள் எடுக்க வேண்டியது லோர் கல்லூரி. எதிரி அடிக்கும்போது குறுக்கே ஒரு சொல் வீசி, உங்கள் பகடையில் விழுந்ததை அவன் எண்ணிலிருந்து கழிக்கும் வித்தை அதில் உண்டு. வேலர் கல்லூரி கேடயமும் போர் ஆயுதமும் தரும், ஆனால் உங்களைச் சண்டை நடுவே இழுத்துப் போட்டுவிடும்.

வாத்தியம், தப்பு என்கிற நம் பறைதான். விதிப் புத்தகத்தில் டிரம் என்று இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், 6 பொற்காசு. தப்பின் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். தீ மூட்டி, வட்டத்தைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். மொத்தென்று இருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, கணீரென்று வந்ததும்தான் தோளில் மாட்டுவார்கள். ஆட்டத்தில் ஒரு மணி நேரக் குறு ஓய்வு வருமல்லவா, அப்போது உங்கள் ஆள் இதைச் செய்யட்டும். 2-ஆம் லெவலிலிருந்து, அந்த ஓய்வில் அவன் வாசிப்பைக் கேட்டபடி காயம் ஆற்றிக்கொள்கிறவர்களுக்கு ஓர் ஆறு பக்கப் பகடை அளவு உயிர் கூடுதலாக ஏறும். 5-ஆம் லெவலிலிருந்து செலவான ஊக்கப் பகடைகளும் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். தோல் காய்ந்தது, பகடை வந்தது, அவ்வளவுதான். தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதே இல்லை.

அப்புறம், பகடை கொடுக்கும் விதம். இதில்தான் உங்கள் பாணன் நிற்பதும் விழுவதும். "இந்தா, பகடை" என்று மேஜைமேல் தள்ளாதீர்கள். வாங்குகிறவரின் கதையிலிருந்தே ஒரு வரி எடுத்துக் கொடுங்கள். நண்பரின் வீரன் பாலத்தில் தயங்குகிறானா? "அம்மாவை முதுகில் சுமந்து வெள்ளத்தைத் தாண்டியவன் இவன்!" என்று தப்பில் ஓர் அடி. இதற்கு மற்ற எல்லோருடைய கதையும் உங்களுக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். முதல் நாளே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

தீமிதியை மட்டும் சாகசக் காட்சியாக்க வேண்டாம். விரதமிருந்து இறங்குகிறவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். வாத்தியாரின் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தெய்வங்களை அந்தக் கற்பனை உலகத்திலிருந்தே எடுங்கள்.

இன்னொன்று. தமிழ் பேச வராமலே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பாட்டைப் பாடி வருகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! உங்கள் பாணனும் அப்படி இருக்கட்டும். தாத்தா சொல்லிக்கொடுத்த பாட்டு முழுக்க மனப்பாடம், பொருள் தெரியாது. அதைத் தேடித்தான் வீட்டை விட்டுக் கிளம்பினான். எந்த மொழியும் விளங்கும் மந்திரம் ஒன்று முதல் லெவலிலேயே பாணனுக்குக் கிடைக்கும். அதை எடுக்காதீர்கள், எடுத்தால் கதை அன்றைக்கே முடிந்தது. 5-ஆம் லெவலில் இறந்தவரோடு பேசும் மந்திரம் திறக்கும். 5 கேள்விகள் மட்டும் கேட்கலாம். உயிரோடிருந்தபோது தெரிந்ததைத்தான் பிணம் சொல்லும். பாணன் ஊர் திரும்பித் தாத்தாவின் குழியைத் தோண்டப்போகும் அந்த ஆட்டத்தைப் பற்றி டி.எம்.மிடம் இப்போதே பேசி வையுங்கள். தாத்தாவுக்காவது பொருள் தெரிந்திருந்ததா என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்லாமல் அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

அன்புடன்,
அக்கா