ஆர்.இ. வகுப்பிலிருந்து மகளை விலக்க வேண்டுமா?

தம்பி, குன்னூரிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்கு வந்து இறங்கிய சூட்டோடு கேட்டிருக்கிறீர்கள். இயர் த்ரீயில் சேர்ந்த மகளுக்கு ஆர்.இ. (ரிலிஜியஸ் எஜுகேஷன், அதாவது மதக் கல்வி) என்று ஒரு பாடம் இருக்கிறது, இந்த டெர்மில் கிறிஸ்தவமும் இஸ்லாமும் நடத்துகிறார்கள், ஊரில் அம்மா "பிள்ளையை மாத்திடப் போறாங்க" என்று பயப்படுகிறார், எழுதிக் கொடுத்து விலக்கிவிடலாமா என்று. விலக்கலாம். 1998ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்கு அந்த உரிமையைத் தருகிறது, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் கோத்தகிரிக்காரி. இங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டென்டாக இந்தப் பாடம் நடக்கும்போது வகுப்பிலேயே இருக்கிறவள்.

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. நம் மலையில் கான்வென்டில் படித்தவர்களுக்குத் தெரியும்: கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு மாரல் சயின்ஸ். மதப் பாடம் என்றாலே அந்த மதத்துப் பிள்ளைகளுக்கு என்று மனதில் பதிந்துவிட்டது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவே சொல்கிறது. இங்கிலாந்தில் அரசுப் பள்ளியில் மதக் கல்வி கட்டாயம். 1944இல் சட்டமானபோது அது பெரும்பாலும் பைபிள் பாடம்தான். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, கிறிஸ்தவத்துக்கு முதலிடம் இருந்தாலும் நாட்டிலுள்ள மற்ற முக்கிய மதங்களையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். பாடத்திட்டத்தை அந்தந்தப் பகுதியிலேயே ஒரு குழு முடிவு செய்கிறது. அதில் சர்ச் ஆஃப் இங்கிலாந்து, மற்ற மதங்கள், ஆசிரியர்கள், கவுன்சில் (உள்ளாட்சி) எல்லோருக்கும் இடம் உண்டு.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு நாள் மேசை மேல் பூஜைத் தட்டு: மணி, குங்குமச் சிமிழ், அகல், ஊதுபத்தி ஸ்டாண்ட். "இது யார் வீட்டில் இருக்கிறது?" என்றார் டீச்சர். ஒரு குஜராத்திப் பெண் மணியை எடுத்து ஆட்டிக் காட்டி, பாட்டி தினமும் காலையில் கிருஷ்ணரைக் குளிப்பாட்டுவார் என்றாள். இன்னொரு பையன், நாங்களும் இந்துதான், ஆனால் தீபாவளிக்கு மட்டும்தான் விளக்கேற்றுவோம் என்றான். மதம் எதுவும் இல்லாத வீட்டுப் பையன் ஒருவன், தாத்தா இறந்த நாளில் எல்லோரும் கல்லறைக்குப் பூ கொண்டு போவோம் என்றான். மூன்றையும் பலகையில் எழுதினார். எது சரி என்று அவர் சொல்லவே இல்லை.

2018இல் மதக் கல்வி ஆணையம் கொடுத்த அறிக்கை கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்: மதங்களோடு மதம் சாராத உலகப் பார்வைகளையும் படிக்க வேண்டும், ஒரே மதத்துக்குள் வீட்டுக்கு வீடு இருக்கும் வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம், தம்பி. புத்தகத்து இந்து மதத்தில் ராமர் இருப்பார், பிள்ளையார் இருப்பார். குன்னூர் தந்தி மாரியம்மன் தேரோ, எங்கள் பக்கத்து ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு நடந்து போகும் படுகர் கூட்டமோ இருக்காது. உங்கள் மகள் சொன்னால்தான் உண்டு. தேர் போட்டோ ஒன்றைப் பையில் வைத்து அனுப்புங்கள். அதே சமயம், "இந்துக்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று அவளையே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வைத்தால், டீச்சரிடம் தயங்காமல் பேசுங்கள். ஏழு வயதுப் பிள்ளை தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாது.

ஒன்றை மட்டும் கட்டாயம் விசாரியுங்கள்: அது எந்த வகைப் பள்ளி? வாலன்டரி எய்டட் (அரசு உதவியோடு மத அமைப்பு நடத்தும்) சர்ச் பள்ளி என்றால், மதப் பாடம் பெரும்பாலும் அவர்கள் நம்பிக்கைப்படிதான் இருக்கும். கத்தோலிக்கப் பள்ளிகளிலும் அப்படியே. அங்கேயும் விலக்கும் உரிமை உண்டு, ஆனால் சேர்க்கும்போதே யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது. கவுன்சில் நடத்தும் சாதாரணப் பள்ளி என்றால் கவலையே வேண்டாம். அசெம்பிளியில் நடக்கும் பிரார்த்தனை தனி. அது மட்டும் வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக எழுதிக் கொடுக்கலாம். வேல்ஸுக்கு வேலை மாறும் எண்ணம் இருந்தால், அங்கே புதிய பாடத்திட்டத்தில் இந்தப் பாடத்திலிருந்து விலக்கும் உரிமையே கிடையாது.

பள்ளி அலுவலகத்தில் இந்த வருட ஆர்.இ. பாடத்திட்டம் கேளுங்கள், பெரும்பாலும் பள்ளி வெப்சைட்டிலேயே போட்டிருப்பார்கள். அப்புறம், ஊரில் அம்மாவுக்கு நீங்கள் விளக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் இந்த வாரம் என்ன படித்தாள் என்று பேத்தியையே சொல்லச் சொல்லுங்கள்.