பெர்ஷியன் பூனை: இணை சேர்க்க எப்போது?

கேள்வி: சின்ன வயசிலிருந்தே எனக்குப் பூனை என்றால் உயிர். இப்போது வளர்க்கும் பெர்ஷியன் பெண் பூனைக்கு எட்டு மாதம். ராப்பகலாகக் கத்துகிறது, தரையில் உருள்கிறது. முறையாக இனவிருத்தி செய்ய ஆசை. இணை சேர்க்கலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இப்போது வேண்டாம். பருவத்துக்கு வந்துவிட்டது, ஆனால் உடம்பு வளர்ந்து முடியவில்லை. ஒரு வயது தாண்டட்டும். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது: பி.கே.டி. எனும் சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனை. பெர்ஷியனில் இது அதிகம். தாய், தகப்பன் இருவரில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரக்கூடும். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுத்தால் போதும். ஸ்கேன் என்றால் பூனைக்குப் பத்து மாத வயது ஆன பிறகுதான் நம்பலாம். ஆண் பூனைக்கும் சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். பொதுவான உடல் பரிசோதனைக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பெண்ணைத்தான் ஆணின் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். புது இடத்தில் ஆண் மிரளும். இணை சேர்ந்த பிறகே பூனைக்குக் கருமுட்டை வெளிவரும். ஒரு தடவை போதாது, இரண்டு நாள் ஆணுடன் விடுங்கள். 63 முதல் 67 நாளில் ஈனும். நம் சித்திரை வெயிலில் பிரசவம் விழாதபடி கணக்குப் பாருங்கள். சப்பை மூக்குப் பூனைக்கு அந்தச் சூட்டில் மூச்சு வாங்கும்.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுங்கள். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பசும்பால் ஊட்டாதீர்கள், கழிச்சல் வரும். 12 வாரம் ஆகாமல் குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.