ஓட்டை விழுந்த கிட்டாரை ஏன் கைவிடவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இசைக் கலைஞர்கள் தாம் வைத்திருந்த கிட்டார்களில் எதை, எதனால் மிகவும் போற்றினார்கள் என்பதைப் பற்றி வந்த கேள்விகளில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: ஏலத்தில் கிட்டார்கள் பல லட்சம் டாலருக்குப் போவதாகப் படிக்கிறோம். கலைஞர்கள் தம் உயிராகக் கருதுபவையும் அப்படிப்பட்ட விலை உயர்ந்த கருவிகள்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வாங்கிய நாளில் யாரும் திரும்பிப் பார்த்திராத கருவி, சில சமயம் வேறொன்று உடைந்துபோனதால் வேறு வழியின்றி வாங்கிய கருவி, அதுவே பிற்காலத்தில் பிரிய முடியாததாக ஆகியிருக்கிறது. வில்லி நெல்சனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகரான அவருடைய பால்ட்வின் கிட்டார் 1969-இல் உடைந்து, இனிச் சரிசெய்ய இயலாது என்றானபோது, நாஷ்வில் நகரில் பழுது பார்ப்பவர் ஒருவரிடமிருந்து 750 டாலருக்கு மார்ட்டின் என்-20 வகைக் கிட்டார் ஒன்றை வாங்கி, உடைந்ததிலிருந்த, தந்தியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் பிக்-அப்பைக் கழற்றி அதில் பொருத்தச் செய்தார். நைலான் தந்தி பூட்டிய அந்தக் கிளாசிக்கல் வகை, விரலால் மீட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே மேற்பலகையில் பிக் (தந்தியை மீட்டும் சிறு வில்லை) உராயாமல் காக்கும் தகடு அதில் கிடையாது. நெல்சனோ பிக்கால் அழுத்தி வாசிப்பவர். ஆண்டுக்கணக்கில் உரசி உரசி, ஒலித்துளைக்கும், தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் இடையே இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அன்றே அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் புதியது வாங்கியிருப்பார். இவர் உட்புறத்தை அவ்வப்போது வலுப்படுத்தச் செய்து, அதையே தொடர்ந்து மேடைக்குக் கொண்டுபோனார்.

அதற்கு 'டிரிகர்' என்று பெயர்; திரைப்பட நடிகர் ராய் ராஜர்ஸ் ஏறிவந்த குதிரையின் பெயர் அது. 1970-இன் இறுதியில் வீடு தீப்பற்றியபோது நெல்சன் உள்ளே ஓடி இந்தக் கிட்டாரை மீட்டார். 1990-இல் வரிப் பாக்கிக்காக அமெரிக்க அரசு அவருடைய சொத்துகளைப் பறிமுதல் செய்தபோதும், டிரிகர் மட்டும் அதிகாரிகளின் கைக்கு எட்டாமல் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டது. நிலமும் வீடும் போனால் மீண்டும் சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கேலகரும் இந்த வரிசையில் வருபவரே. 1963-இல் கார்க் நகரக் கடையொன்றில் 100 பவுண்டுக்கு அவர் கடனாக வாங்கிய 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார் ஒருமுறை திருடுபோய், பிறகு ஒரு பள்ளத்தில் மழையில் நனைந்தபடி கிடைத்தது. ஓயாத வாசிப்பிலும் வியர்வையிலும் வண்ணம் ஏறத்தாழ முழுவதும் உதிர்ந்து மரம் வெளியே தெரிந்தது. மேல்பூச்சு அடிக்கச் சொன்னவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்; அவர் 1995-இல் மறையும்வரை அது அப்படியேதான் இருந்தது. 2024-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது கட்டணங்களையும் சேர்த்து 8,89,400 பவுண்டுக்கு விலைபோய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது.

விலையைப் பற்றியே கேட்டிருப்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகி எலிசபெத் காட்டன் சிறுமியாக வீட்டு வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய 'ஸ்டெல்லா' கிட்டாரின் விலை 3 டாலர் 75 சென்ட். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால், வலக்கைக்காரருக்குத் தந்தி பூட்டிய அந்தக் கருவியை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, கட்டை விரலால் மெட்டையும் மற்ற விரல்களால் கீழ் ஸ்வரங்களையும் வாசித்தார். அந்த முறை இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

கேள்வி: கிட்டாருக்குப் பெயர் வைப்பது வெறும் விளம்பரமா, அல்லது அதற்குப் பொருள் உண்டா?

பதில்: விளம்பரத்துக்காக வைப்பவர்களும் உண்டு. ஆனால் எல்லோருக்கும் தெரிந்த 'லூசில்' என்னும் பெயர் ஓர் எச்சரிக்கையாக வைக்கப்பட்டது. 1949-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற சிற்றூரில், ப்ளூஸ் இசைக் கலைஞர் பி. பி. கிங் வாசித்துக்கொண்டிருந்த நடனக் கூடத்தில், குளிர் காய்வதற்காக மண்ணெண்ணெய் ஊற்றி எரியவிட்டிருந்த கலத்தைச் சண்டையிட்ட இருவர் தட்டிவிட்டனர். கூடம் தீப்பற்றியது. வெளியே ஓடிவந்த கிங், கிட்டாரை உள்ளேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்ததும் திரும்பிப் போய் எடுத்து வந்தார். உயிர் தப்பியது அதிர்ஷ்டம். அந்த இருவரும் லூசில் என்ற பெண்ணுக்காகவே அடித்துக்கொண்டார்கள் என்று மறுநாள் தெரிந்தது. இப்படியொரு மடத்தனத்தை இனி ஒருபோதும் செய்யக் கூடாது என்று தமக்கே நினைவூட்டிக்கொள்ள அந்தக் கிட்டாருக்கும், அதன் பிறகு வாங்கிய ஒவ்வொன்றுக்கும் அதே பெயரைச் சூட்டினார். ஆகவே லூசில் என்பது ஒரு கிட்டார் அல்ல, ஒரு வரிசை.

கேள்வி: கடையில் வாங்காமல், தம் கைப்படச் செய்த கருவியை உயர்வாகக் கருதிய பெரிய கலைஞர் யாராவது உண்டா?

பதில்: குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. 1963-இல், பதின்ம வயதில், மின்னணுப் பொறியாளரான தந்தையுடன் சேர்ந்து செய்யத் தொடங்கிய 'ரெட் ஸ்பெஷல்' முடிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. கழுத்துப் பகுதிக்குக் கிடைத்தது நூறாண்டைக் கடந்த ஒரு கணப்படுப்பின் மேற்சட்டம். அதிலிருந்த புழுத்துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். தந்தியைத் தளர்த்தி இறுக்கும் டிரெமலோ அமைப்பு, பழைய கத்தியின் முனையில் சமன்செய்து நிற்கிறது. அதைப் பின்னிழுக்கும் விற்சுருள்கள் 1928-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் ஒன்றின் வால்வுகளிலிருந்து வந்தவை. விரல்பலகையில் பதித்த முத்துச்சிப்பிப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பொத்தான்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பிக்-அப்புக்கும் தனித்தனிச் சுவிட்ச் வைத்து, ஒன்றின் ஒலி அலையை மற்றொன்றுக்கு எதிராகத் திருப்பவும் வழிசெய்திருந்ததால், அந்நாளில் கடையில் கிடைத்த எந்தக் கிட்டாரும் தராத தொனிகள் அவருக்குக் கிடைத்தன. 2002-இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்ததும் இதைக்கொண்டுதான்.

செய்யச் சொல்லி வாங்கியவர்களில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினை விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர் அவர். எல். சங்கர், ஜாகிர் உசேன், டி. எச். விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தபோது, வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதுபோல் கிட்டாரிலும் பிடிக்க வழி தேடினார். விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகக் குடைந்தால், விரல் பலகையில் உராயாமல் தந்தியை வெகுதூரம் வளைக்கலாம். கிப்சன் நிறுவனத்துக்காக ஏப்ரகாம் வெக்டர் அவ்வாறு ஒரு கிட்டாரைச் செய்து தந்தார். உடன் அதிர்வதற்காக ஏழு தந்திகள் அதன் ஒலித்துளைக்கு மேலே சாய்வாகச் சென்றன. கருவிக்கு ஏற்ப இசையைக் குறைத்துக்கொள்ளாமல் இசைக்கு ஏற்பக் கருவியைத் திருத்திய இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: பழைய மரம், அரிய மரம் என்பதால்தான் அந்தக் கிட்டார்கள் அப்படி ஒலிக்கின்றனவா?

பதில்: இதில் பாதி உண்மை, பாதி பக்தி. மேற்பலகையே ஒலியின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது என்று கருதிய ஸ்பெயின் நாட்டுக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரஸ், அதை மெய்ப்பிக்க 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் இட்டு ஒரு கிட்டார் செய்தார். அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் வேறுபட்ட ஆறு ஸ்டீல் தந்திக் கிட்டார்களை 52 கலைஞர்களிடம், எந்த மரம் என்பது கண்ணுக்குத் தெரியாதபடி, வாசிக்கக் கொடுத்தார்கள். அரிய ஈட்டி மரமும் மலிவான மரமும் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் பெற்றன.

மின்கிட்டாரில் இன்னும் வேடிக்கை. ஃப்ளீட்வுட் மாக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பால், இரண்டு பிக்-அப்பையும் சேர்த்து வாசிக்கும்போது மூக்கால் பாடுவது போன்ற மெல்லிய தனிக்குரல் தரும். ஒரு பிக்-அப்பின் காந்தம் திசை மாறிப் பொருந்தியிருப்பதே அதற்குக் காரணம். அதாவது, ஒரு பிழை. அந்தப் பிழையோடு சேர்த்தே கிட்டார் கலைஞர் கேரி மூர் அதை வாங்கிப் பல ஆண்டுகள் வாசித்தார். 2014-இலிருந்து அது மெட்டாலிகா குழுவின் கர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. அவர் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டாமல் மேடையில் வாசிப்பது குறித்து எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: தொலைந்த கிட்டார் திரும்பக் கிடைத்ததுண்டா? எனக்குத் தெரிந்த ஒருவர் முப்பது ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பதில்: அவரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் ஏறத்தாழ 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் கிட்டார், 1972-இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடப்பட்டது. இருபுறமும் ஒரே வடிவில் இருந்ததால், இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பது அதை வாங்கியதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆர்வலர்கள் நடத்திய தேடலைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு குடும்பத்தார் தங்கள் பரணில் கிடப்பது அதுதான் என்று உணர்ந்து ஒப்படைத்தார்கள். 2024 பிப்ரவரியில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல்.

இன்னொன்று ராக் கலைஞர் பீட்டர் ஃபிராம்ப்டனின் கறுப்பு 1954 லெஸ் பால். 1980-இல் வெனிசுவேலாவில் அதை ஏற்றிச் சென்ற சரக்கு விமானம் விழுந்து எரிந்தபோது, கிட்டாரும் சாம்பலாகிவிட்டதென்றே அவர் நம்பினார். உண்மையில் யாரோ அதை இடிபாடுகளிலிருந்து எடுத்திருந்தார்கள். 2011-இன் இறுதியில், கழுத்தில் தீக்காயத்தோடு அவரிடம் திரும்பியது. உங்கள் நண்பர் வரிசை எண்ணையும், கீறல்கள் தெளிவாகத் தெரியும் பழைய ஒளிப்படங்களையும் பத்திரப்படுத்தி வைக்கட்டும். மெக்கார்ட்னியின் கருவியை உறுதிசெய்ததும் இத்தகைய அடையாளங்களே.

கேள்வி: அவ்வளவு பிரியமான கிட்டார்களை ராக் கலைஞர்கள் எரிக் கிளாப்டனும் டேவிட் கில்மரும் ஏன் விற்றார்கள்?

பதில்: இருவருமே தம் பணப்பைக்காக விற்கவில்லை. கிளாப்டன் 1970-இல் நாஷ்வில்லில் ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதி மூன்றின் சிறந்த பாகங்களைச் சேர்த்து 'பிளாக்கி'யை உருவாக்கினார். 2004-இல் அது 9,59,500 டாலருக்கு விலைபோனது; பணம் ஆன்டிகுவா தீவில் அவர் நிறுவிய போதை மீட்பு மையத்துக்குச் சென்றது. கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019-இல் 39,75,000 டாலர் ஈட்டியது. தம் தொகுப்பை விற்று வந்ததை அவர் சுற்றுச்சூழல் வழக்குகளை நடத்தும் 'கிளையன்ட் எர்த்' அமைப்புக்கு அளித்தார். அந்தக் கிட்டாரின் கழுத்தும் பிக்-அப்பும் பலமுறை மாற்றப்பட்டவை. ஆகவே எது 'அசல்' என்று ஏலக் கூடத்தில் யாரும் கேட்டிருந்தால் பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும்.

கேள்வி: மறைந்த என் அண்ணனின் ஸ்டீல் தந்திக் கிட்டார் என்னிடம் இருக்கிறது. மேற்பலகை சற்றுப் புடைத்து, தந்திகள் உயரத்தில் நிற்கின்றன. சரிசெய்யும் செலவில் புதியதே வாங்கலாம் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: புதியது வாங்கலாம்தான், ஆனால் நீங்கள் கேட்பது அதுவல்ல. ஆறு ஸ்டீல் தந்திகள் சேர்ந்து மேற்பலகையை ஏறத்தாழ 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஆகவே பிரிட்ஜுக்குப் பின்னால் சிறு புடைப்பு இருப்பது இயல்பு. பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். மேற்பலகையை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டும்போது உள்ளே கடகடத்தால், உட்சட்டம் ஒன்று பசை விட்டிருக்கலாம். இவ்விரண்டும் மறுபடி ஒட்டக்கூடியவையே. கழுத்தின் கோணமே மாறியிருந்தால்தான் செலவு கூடும்.

அதுவரை தந்திகளைத் தளர்த்தி, 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் பெட்டிக்குள் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒரு பிற்பகல் முழுவதும் அப்படி விட்டதில், பசை இளகி என் கிட்டாரின் பிரிட்ஜ் கையோடு வந்துவிட்டது. பதற்றத்தில் வீட்டிலிருந்த விரைவுப் பசையை நானே தடவினேன். பழுது பார்த்தவருக்கு ஒட்டுவதைவிட, நான் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கவே அதிக நேரம் பிடித்தது.

புதுப் பூச்சு அடிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அண்ணனின் கை பட்டுத் தேய்ந்த இடங்கள் அதில்தான் இருக்கின்றன. மாற்ற வேண்டிய பாகம் ஏதாவது இருந்தால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி, உறையிலிட்டு, தேதி எழுதி, கிட்டார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.